கிராஸ் ஸ்டிச் சாஃப்ட்வேர்ல பேக்ஸ்டிச்சை எடிட் பண்றது எப்படி

கிராஸ் ஸ்டிச் சார்ட், அதாவது எந்த கட்டத்துல எந்த கலர் நூல்னு காட்டற படம், டிசைன் பண்ற சாஃப்ட்வேர்ல கட்டத்துக்கு கலர் அடிக்கிறது எல்லாருக்கும் சீக்கிரம் கைவந்துரும், ஆனா பேக்ஸ்டிச்னு, அதாவது அவுட்லைன் கோடுன்னு வந்தா நிறைய பேர் திணறுறாங்க, கோடு போட்டா நினைச்ச எடத்துல நிக்காம பக்கத்துல போய் ஒட்டுது, ரப்பரை வெச்சு தேய்ச்சா கோடு அப்டியே இருக்கு அடியில இருந்த கிராஸ் காணாம போயிருது, ஒரு பூவை தூக்கி பக்கத்துல வெச்சா அவுட்லைன் மட்டும் பழைய எடத்துலயே நிக்குது. இதுக்கெல்லாம் அடிப்படை ஒண்ணுதான். கிராஸ், அதாவது X மாதிரி போடற தையல், ஒரு கட்டத்துக்குள்ள இருக்கற விஷயம், அதை கம்ப்யூட்டர் "இந்த கட்டத்துல இந்த கலர்"னு வெச்சுக்குது. பேக்ஸ்டிச் ஒரு ஓட்டையில இருந்து இன்னொரு ஓட்டைக்கு போற கோடு, அதை "இங்க ஆரம்பம், இங்க முடிவு, இந்த நூல்"னு தனியா ஒரு லிஸ்ட்ல வெச்சுக்குது. ஸ்கிரீன்ல ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு தெரியறதால ஒரே படம் மாதிரி இருக்கு, உள்ளுக்குள்ள ரெண்டும் வேற வேற. இதை மனசுல வெச்சுக்கிட்டு, ஒவ்வொரு கோட்டையும் ஊசி எங்க மேல வருது எங்க உள்ள போகுதுன்னு பாத்து எடிட் பண்ணீங்கன்னா முக்கால்வாசி தலைவலி போயிரும்.

நான் சொல்றது எந்த சாஃப்ட்வேருக்கும் பொதுவா பொருந்தும். விண்டோஸ்ல பிசிஸ்டிச் வெச்சிருக்கவங்க இருப்பீங்க, வின்ஸ்டிச், மேக்ல மேக்ஸ்டிச் வெச்சிருக்கவங்க இருப்பீங்க, காசு செலவு பண்ண வேண்டாம்னு லினக்ஸ்ல கேஎக்ஸ்ஸ்டிச் போட்டவங்களும் இருப்பீங்க. மெனு பேரும் பட்டன் இருக்கற எடமும் மாறும், விஷயம் மாறாது.

முதல்ல ஒரு சின்ன வேலை. ஃபைலை வேற பேர்ல ஒரு காப்பி சேவ் பண்ணிட்டு ஆரம்பிங்க, பேக்ஸ்டிச்ல பண்ற தப்பு பல நேரம் உடனே கண்ணுல படாது, பிரிண்ட் எடுக்கும்போதுதான் தெரியும், அதுக்குள்ள அண்டூ எல்லாம் தீர்ந்து போயிருக்கும். அப்புறம் வியூ மெனுவுல போய் கிராஸை மறைக்கிற ஆப்ஷன் எங்க இருக்குன்னு தேடி வெச்சுக்குங்க. எடிட்டிங்ல எனக்கு தெரிஞ்சு இதைவிட உபயோகமான பட்டன் கெடையாது. கிராஸ் எல்லாம் மறைஞ்சு வெள்ளை கட்டத்துல கோடு மட்டும் நிக்கும்போது எங்க இடைவெளி விழுந்திருக்கு, எங்க ஒரு கோடு அனாதையா தொங்குது, எங்க ரெண்டு தடவை போட்டிருக்குன்னு பளிச்சுனு தெரியும். கலர் நெறைஞ்ச சார்ட்ல அதை தேடுனா கண்ணுதான் வலிக்கும்.

அடுத்தது ஸ்னாப். கோடு எந்தெந்த புள்ளியில ஒட்டலாம்ங்கற செட்டிங். பல சாஃப்ட்வேர்ல கட்டத்தோட நாலு மூலையில மட்டுமில்லாம நடுவுலயும், பக்கத்தோட பாதியிலயும் கோடு ஒட்டும். தூரமா ஜூம் அவுட் பண்ணி வெச்சுக்கிட்டு கோடு இழுத்தா மூலைன்னு நினைச்சு பாதியில போய் ஒட்டிரும், பாக்கறதுக்கு சேர்ந்த மாதிரியே இருக்கும், பெருசு பண்ணி பாத்தாதான் அரை கட்டம் தள்ளி நிக்கறது தெரியும். கிராஸ் ஸ்டிச்சுக்குன்னே கட்டம் கட்டமா நெய்யற ஐடா துணியிலயோ நம்ம கடைகள்ல கெடைக்கற மேட்டி துணியிலயோ மூலையில மட்டும்தான் ஓட்டை இருக்கு, பாதியில ஓட்டை கெடையாது, அங்க தைக்கணும்னா கூர் ஊசியால துணியையே குத்தி எடுக்கணும். அதனால ஐடாவுக்குன்னு டிசைன் பண்றீங்கன்னா மூலை ஸ்னாப் மட்டும் வெச்சுட்டு மத்ததை ஆஃப் பண்ணிருங்க. 28 கவுண்ட் (ஒரு இன்ச்சுக்கு 28 இழை) ஈவன்வீவ் துணியில ரெண்டு இழைக்கு ஒரு கிராஸ் போடறவங்களுக்கு கட்டத்தோட நடுவுலயும் பாதியிலயும் நெஜமாவே ஓட்டை உண்டு, அவங்க தாராளமா பாதி புள்ளி யூஸ் பண்ணலாம். கண்ணு, மூக்கு மாதிரி ரொம்ப சின்ன விஷயத்துக்கு மட்டும் ஐடாலயும் பாதி புள்ளி வெக்கலாம், ஆனா தைக்கறவங்க திட்டுவாங்க.

இப்ப கோடு போடறதை பாப்போம். பேக்ஸ்டிச் டூலை எடுத்து, கீழ பாலட்ல, அதாவது நூல் கலர் லிஸ்ட்ல, கலரை செலக்ட் பண்ணி, ஆரம்ப புள்ளியில கிளிக் பண்ணி இழுத்து முடிவு புள்ளியில விடணும், சிலதுல ரெண்டு தனித்தனி கிளிக். புதுசா பண்றவங்க நேரா இருபது கட்டம் நீளம் ஒரே இழுப்புல இழுத்துருவாங்க. சார்ட்ல அழகா இருக்கும். தைக்கறவங்களுக்கு அது இருபது தையலா, இல்ல ஒரே நீள தையலா? அனுபவம் இருக்கறவங்க கட்டத்துக்கு ஒண்ணா தைச்சுருவாங்க, புதுசா தைக்கறவங்க ஒரே நூலா நீளமா விட்டு அது தொளதொளன்னு தொங்கும். சில சாஃப்ட்வேர்ல நீளக் கோட்டை கட்டத்துக்கு ஒண்ணா பிரிக்கற ஆப்ஷன் இருக்கு, இல்லன்னா கையாலயே கட்டத்துக்கு ஒண்ணா போடறது நல்லது. எடிட் பண்ணும்போதும் அதுதான் வசதி, இருபது கட்டக் கோட்டுல நடுவுல மூணு கட்டத்தை மட்டும் வேற கலர் ஆக்கணும்னா ஒரே கோடா இருந்தா மொத்தத்தையும் அழிச்சுட்டு திரும்ப போடணும்.

சாய்வு கோட்டுக்கு ஒரு சின்ன கணக்கு இருக்கு. குறுக்க எத்தனை கட்டம், கீழ எத்தனை கட்டம்னு எண்ணுங்க. ரெண்டு எண்ணுக்கும் பொதுவா வகுக்கற எண் ஒண்ணைத் தவிர எதுவும் இல்லன்னா அந்த கோடு நடுவுல எந்த ஓட்டையையும் தொடாது, அது ஒரே தையல்தான். குறுக்க 2 கீழ 1னா ஒரே தையல். குறுக்க 3 கீழ 1னாலும் ஒரே தையல். குறுக்க 4 கீழ 2னா ரெண்டையும் 2ஆல வகுக்கலாம், அப்ப சரியா நடுவுல ஒரு ஓட்டை வரும், அங்க பிரிச்சு ரெண்டு தையலா போடுங்க. 6க்கு 4னா 3க்கு 2னு ரெண்டு தையல். 6க்கு 3னா மூணு தையல். ஸ்கூல்ல படிச்ச மீப்பெரு பொது வகு இதுக்காவது உதவுச்சேன்னு சந்தோஷப்பட்டுக்கலாம். நீளத்தை பொறுத்தவரை மூணு நாலு கட்டத்துக்கு மேல ஒரே தையலா போகாம பாத்துக்குங்க. பூனை மீசை, பட்டத்தோட நூல் மாதிரி எடத்துல நீளமா விட்டாத்தான் அழகு, ஃபிரேம் போட்டு சுவத்துல மாட்டறதுக்குன்னா விடலாம், குஷன் கவர்னா நகம் மாட்டி இழுத்துரும்.

வளைவு எப்படி வரும்னு ஒரு கிளி மூக்கை வெச்சு பாருங்க. மூக்கு சிவப்பு டிஎம்சி 321ல (டிஎம்சி நூல் கம்பெனி பேர், 321 கலர் நம்பர்) கட்டம் கட்டமா இருக்கு, மேல் விளிம்பு படிக்கட்டு மாதிரி இறங்குது. படியோட ஓரத்தையே பிடிச்சு கோடு போட்டீங்கன்னா மூக்கும் படிக்கட்டாவே இருக்கும், அவுட்லைன் போட்டதுல ஒரு லாபமும் இல்ல. அந்த கோடெல்லாம் அழிச்சுட்டு மூணு தையல் போடுங்க: முதல்ல குறுக்க 2 கீழ 1, அது முடியற புள்ளியில இருந்து குறுக்க 1 கீழ 1, அங்க இருந்து குறுக்க 1 கீழ 2. சாய்வு மெதுவா ஆரம்பிச்சு செங்குத்தா முடியும், தூரத்துல இருந்து பாத்தா வட்டமாவே தெரியும். இப்படி போடும்போது கோடு சில கிராஸ் கட்டத்துக்கு நடுவுல ஓடும், கோட்டுக்கு வெளிய சிவப்பு கொஞ்சம் பிதுங்கி நிக்கும், உள்ளுக்குள்ள எங்கயாவது வெள்ளை தெரியும். அந்த கட்டத்தை முக்கால் தையல் (ஒரு முழு சாய்வு, கூட மூலையில இருந்து நடுவு வரைக்கும் ஒரு அரை சாய்வு) ஆக்கினா கச்சிதமா உக்காரும், ஆனா ஐடாவுல முக்கால் தையல்னா கட்டத்து நடுவுல குத்தணும், அதனால எத்தனை எடத்துல கேக்கறோம்னு யோசிச்சு வைங்க. நான் பெரும்பாலும் வெள்ளை தெரியற எடத்துல முழு கிராஸ் வெச்சுட்டு கோட்டை அது மேலயே ஓட விட்டுருவேன், 14 கவுண்ட்ல (ஒரு இன்ச்சுக்கு 14 கட்டம்) ஒரு கட்டம் 1.8 மில்லிமீட்டர்தான், முன்னாடி நின்னு யாரும் ஸ்கேல் வெச்சு பாக்கப் போறதில்ல.

கலர். எல்லாத்துக்கும் டிஎம்சி 310 கறுப்பு போடறது ஒரு வியாதி. கார்ட்டூன் மாதிரி வேணும்னா சரி, மத்தபடி கறுப்பு அவுட்லைன் மெல்லிசான கலரை எல்லாம் அமுக்கிரும். பச்சை இலைக்கு 895 மாதிரி கரும்பச்சை, சிவப்புக்கு 498 இல்ல 815, முகத்துக்கும் கைக்கும் 898 மாதிரி காப்பி பிரவுன், கறுப்புதான் வேணும் ஆனா கொஞ்சம் மென்மையா வேணும்னா 3799 கருஞ்சாம்பல், இல்லன்னா கறுப்புக்கு ரொம்ப பக்கத்துல இருக்கற பிரவுன் 3371. ஆங்கர் நூல் வாங்கறவங்களுக்கு கறுப்பு 403, 3371க்கு பக்கத்துல வர்றது 382, 3799க்கு 236.

கலரை மாத்தறதுலதான் ஒரு பெரிய பொறி இருக்கு. கறுப்பு கோட்டையெல்லாம் கருஞ்சாம்பல் ஆக்கலாம்னு பாலட்ல போய் 310ஐ 3799ஆ மாத்துனா, கிளியோட கண்ணுல இருக்கற கறுப்பு கிராஸும் சேர்ந்து மாறிரும், ஏன்னா கிராஸும் கோடும் பாலட்ல ஒரே வரிசையத்தான் பாக்குது. அதனால பாலட்ல 3799ஐ புது வரிசையா சேருங்க, அப்புறம் கோட்டை மட்டும் மாத்துங்க. "பேக்ஸ்டிச் மட்டும்"னு கலர் ரீப்ளேஸ் கொடுக்கற சாஃப்ட்வேர்னா ஒரே கிளிக், இல்லாததுல பேக்ஸ்டிச் டூல்ல புது கலரை வெச்சு ஒவ்வொரு கோடா மாத்தணும். அப்படி மாத்தும்போது சிலது பழைய கோட்டை நீக்கிட்டு புதுசு வெக்கும், சிலது பழசு மேலயே புதுசை போட்டுரும், கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணுதான். டெஸ்டுக்கு ஒரே ஒரு கோட்டை மாத்தி பாத்து, அதை அழிங்க. அடியில கறுப்பு எட்டிப் பாத்தா உங்க சாஃப்ட்வேர் ரெண்டாவது வகை, முதல்ல அழிச்சுட்டுத்தான் போடணும்.

இந்த ரெட்டைக் கோடு பிரச்சனை இன்னொரு வழியாவும் வரும். பாதி டிசைன் வரைஞ்சு மிரர் பண்ணி மறுபாதியை ஒட்டறவங்க நடுக்கோட்டை ரெண்டு பாதியிலயும் வெச்சிருப்பாங்க, ஒட்டுனதும் நடுவுல எல்லா கோடும் ரெண்டு ரெண்டா உக்காந்திருக்கும். ஒண்ணை அழிச்சா இன்னொண்ணு அங்கயே இருக்கும், நீங்க சாஃப்ட்வேர் வேலை செய்யலன்னு நினைப்பீங்க. நூல் கணக்குலயும் அது ரெண்டா ஏறும். நடுக்கோட்டை ஒரு பாதியில மட்டும் வெச்சுட்டு மிரர் பண்ணுங்க.

அழிக்கறதுக்கு சாதா ரப்பர் கட்டத்தைத்தான் பாக்கும், பேக்ஸ்டிச்சுக்குன்னு தனி ரப்பரோ இல்ல ரப்பர்ல ஒரு செட்டிங்கோ இருக்கும், அதை தேடி எடுங்க. சிலதுல பேக்ஸ்டிச் டூல் கையில இருக்கும்போது ரைட் கிளிக் பண்ணா கோடு போகும். கோடு நெருக்கமா இருக்கற எடத்துல நல்லா ஜூம் பண்ணி, கோட்டோட நடுவுல கிளிக் பண்ணுங்க, நுனியில பண்ணா அங்க சேர்ற மூணு நாலு கோட்டுல எது மாட்டும்னு சொல்ல முடியாது.

நகர்த்தறதுக்கு செலக்ஷன் பெட்டி போடும்போது ஒரு கட்டம் தாராளமா வெளிய விட்டு போடுங்க. கோட்டோட ரெண்டு நுனியும் பெட்டிக்குள்ள இருந்தாத்தான் பொதுவா அது கூட வரும், ஒரு நுனி வெளிய இருந்தா கோடு அங்கயே நின்னுரும். காப்பி பண்ணும்போது எந்த வகை தையல் எல்லாம் கூட வரணும்னு கேக்கற டிக் பாக்ஸ் இருந்தா அதையும் பாத்துக்குங்க. வரிசை சேக்கும்போதும் அதே மாதிரி, நடுவுல ஒரு வரிசை நுழைச்சா அதை தாண்டிப் போற கோடு நீளலாம், இல்ல பாதியில அறுந்த மாதிரி நிக்கலாம், நுழைச்ச எடத்துல ஒரு தடவை மேஞ்சு பாத்துருங்க. சைஸை சதவீதத்துல கூட்டறது குறைக்கறது மட்டும் வேண்டாம். 80 சதவீதம் ஆக்குனா கோட்டோட நுனி கட்டத்துக்கு நடுவுல எங்கயோ போய் விழும், ஒவ்வொண்ணா திருத்தறதுக்கு பதிலா மொத்தத்தையும் புதுசா போட்டுரலாம். சைஸ் முடிவு பண்ணதுக்கு அப்புறம் பேக்ஸ்டிச்சுக்கு வாங்க. போட்டோவை இம்போர்ட் பண்ணி சார்ட் ஆக்கறவங்களுக்கும் இது பொருந்தும், அந்த கன்வெர்ஷன் கட்டத்துக்குத்தான் கலர் போடும், அவுட்லைன் நீங்கதான் கையால போடணும்.

பேர் எழுதறதைப் பத்தி தனியா சொல்லணும். சாஃப்ட்வேரோட வர்ற பேக்ஸ்டிச் எழுத்து பொதுவா ஆங்கிலம்தான், தமிழ்ல எழுதணும்னா நாமளே வரையணும். ட, ப ரெண்டும் நேர்கோடு, ரெண்டு மூணு இழுப்புல முடிஞ்சுரும். ம கொஞ்சம் யோசிக்கணும், வலது பக்க சுழியை மேல சொன்ன மாதிரி சாய்வு தையல்ல வளைச்சு கொண்டு வரலாம். ண, ஐ, இ எல்லாம் சுழி மேல சுழி, அஞ்சு கட்ட உயரத்துல அடைச்சா கருப்பு முடிச்சாத்தான் தெரியும், குறைஞ்சது பத்து கட்ட உயரமாவது கொடுங்க. "அம்மா"ன்னு எழுதினா ம் மேல வர்ற புள்ளிக்கு ஃபிரெஞ்ச் நாட் (நூலை ஊசியில சுத்திப் போடற சின்ன முடிச்சு) வைங்க, பேக்ஸ்டிச்ல புள்ளி வராது. ஆனா ஃபிரெஞ்ச் நாட்டும் கோடு மாதிரியே தனி லிஸ்ட்ல இருக்கறது, எழுத்தை நகர்த்தும்போது அதையும் டிக் பண்ணலன்னா புள்ளி பழைய எடத்துல நின்னு "அமமா" ஆயிரும்.

கொஞ்சம் கம்ப்யூட்டர் தெரிஞ்சவங்களுக்கு ஒரு குறுக்கு வழி. அர்சா சாஃப்ட்வேர், அதான் வின்ஸ்டிச் மேக்ஸ்டிச் பண்றவங்க, ஓஎக்ஸ்எஸ்னு ஒரு ஃபைல் வகை வெச்சிருக்காங்க, அது சாதாரண எக்ஸ்எம்எல், நோட்பேட்ல திறக்கும். அதுல பேக்ஸ்டிச் பகுதிக்கு போனா ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு வரி, ஆரம்பத்துக்கு ரெண்டு எண், முடிவுக்கு ரெண்டு எண், பாலட்ல எத்தனாவது கலர்ங்கறதுக்கு ஒரு எண். கோட்டோட கலரை மட்டும் மொத்தமா மாத்தணும்னா அந்த பகுதிக்குள்ள மட்டும் கலர் எண்ணை ஃபைண்ட் ரீப்ளேஸ் பண்ணா போதும், கிராஸ் பகுதியை தொடவே வேண்டாம். ரெட்டைக் கோடும் இங்க மாட்டும், அதே நாலு எண் இன்னொரு வரியில இருக்கும், இல்லன்னா ஆரம்பமும் முடிவும் தலைகீழா இருக்கும். பண்றதுக்கு முன்னாடி காப்பி எடுத்து வெச்சுக்கங்கன்னு திரும்ப சொல்ல வேண்டியதில்ல.

எத்தனை இழைன்னு செட் பண்றதையும் விட்டுராதீங்க. 14 கவுண்ட்ல கிராஸுக்கு ரெண்டு இழை, பேக்ஸ்டிச்சுக்கு ஒரு இழைங்கறதுதான் வழக்கம், ரெண்டு எண்ணும் பாலட்ல தனித்தனியா போடற மாதிரி இருக்கும். எழுத்து தடிமனா வேணும்னா அதுக்கு மட்டும் தனி பாலட் வரிசை வெச்சு ரெண்டு இழை கொடுங்க. நூல் எவ்வளவு ஆகும்னு பயப்படறவங்களுக்கு: நூறு கட்ட நீளம் 14 கவுண்ட்ல 18 சென்டிமீட்டர், ஊசி அடியில ஒவ்வொரு தையலுக்கும் ரெண்டு மடங்கு தூரம் போகுது, ஆக மொத்தம் மூணு மடங்கு, 54 சென்டிமீட்டர். ஒரு டிஎம்சி ஸ்கெயின் (நூல் கட்டு) 8 மீட்டர், ஆறு இழை, ஒத்தை இழையா பிரிச்சா 48 மீட்டர். ஒரு அடி அகல டிசைனோட அவுட்லைனுக்குக்கூட ஒரு ஸ்கெயின்ல மிச்சம் இருக்கும், சாஃப்ட்வேர் மூணு ஸ்கெயின் கேட்டா எங்கயோ ரெட்டைக் கோடு இருக்குன்னு சந்தேகப்படுங்க.

கடைசியா பிரிண்ட். ஸ்கிரீன்ல 895ம் 3799ம் வேற வேறயா தெரியும், கறுப்பு வெள்ளை பிரிண்ட்ல ரெண்டும் ஒரே கறுப்பு. அதனால கோட்டுக்கு பேட்டர்ன் கொடுக்கற ஆப்ஷன் இருந்தா ஒண்ணை முழு கோடு, ஒண்ணை விட்டு விட்டு வர்ற கோடு, இன்னொண்ணை புள்ளிக் கோடுன்னு வைங்க, கீயிலயும் (எது எந்த நூல்னு சொல்ற பட்டியல்) பேக்ஸ்டிச்சுக்கு தனி பகுதி வர்ற மாதிரி பாத்துக்குங்க. கோட்டோட தடிமன் அதிகமா இருந்தா அடியில இருக்கற சிம்பல் மறைஞ்சுரும், குறைச்சு வெச்சு ஒரு பக்கம் மட்டும் பிரிண்ட் எடுத்து பாருங்க. கண்ணு, மூக்கு மாதிரி கோடு குமிஞ்சிருக்கற எடத்தை மட்டும் பெருசு பண்ணி, கிராஸை மறைச்சுட்டு தனி பக்கமா கொடுத்தீங்கன்னா தைக்கறவங்களுக்கு பெரிய உபகாரம். சார்ட் ரெண்டு பக்கமா உடையற எடத்துல கோடு எங்க வெட்டுப்படுதுன்னும் பாருங்க, ஒரு சாய்வு தையலோட ஆரம்பம் முதல் பக்கத்துலயும் முடிவு அடுத்த பக்கத்துலயும் இருந்தா அது எந்த ஓட்டைக்கு போகுதுன்னு கண்டுபிடிக்க முடியாது, பக்கத்துக்கு பக்கம் ரெண்டு மூணு வரிசை ஓவர்லேப் வெச்சு திரும்ப எக்ஸ்போர்ட் பண்ணுங்க.